இடுப்பு மூட்டு மாற்று: யாருக்கு என்பதை வயதும் எக்ஸ்ரேயும் மட்டும் சொல்லிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான, இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரையைப் படித்தேன். சிகிச்சை எப்படி நடக்கிறது, எத்தனை நாளில் எழுந்து நடக்கலாம் என்பதெல்லாம் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் நடுவே கட்டம் கட்டி, ‘யாருக்குச் செய்யலாம்?’ என்ற தலைப்பின் கீழ், ‘65 வயதைக் கடந்தவர்கள், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிபவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். கும்பகோணத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக பிசியோதெரபிஸ்டாக வேலை பார்ப்பவள் நான். அந்த ஒரு வரியை நம்பி வீணாகக் காத்திருந்தவர்களையும், அதே வரியை நம்பி அவசரப்பட்டவர்களையும் வாரந்தோறும் பார்க்கிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

குழப்பம் ‘இடுப்பு’ என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. புடவையைச் செருகும் இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடமும் இடுப்பு, முதுகின் அடிப்பகுதியும் இடுப்பு. ‘இடுப்பு வலிக்குதும்மா’ என்று வருகிறவரிடம் ‘எந்த இடம், கையை வைத்துக் காட்டுங்கள்’ என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகெலும்பின் அடியில்தான் வைப்பார்கள். இடுப்பு மூட்டு அங்கே இல்லை. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் பொருந்தியிருக்கும் அந்த மூட்டு, உடம்பின் முன்பக்கம், தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்புக்கு நேர் உள்ளே ஆழத்தில் இருக்கிறது. அது கெட்டால் வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் தெரியும். முன்தொடை வழியாக முழங்கால் வரைக்கும் இறங்கும். முழங்கால் வலி என்று நினைத்து மாதக்கணக்கில் தைலம் தேய்த்து, முழங்காலுக்கு இரண்டு எக்ஸ்ரே எடுத்து, கடைசியில் கோளாறு மேலே இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்கள் பலர்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. 71 வயது அம்மாள் ஒருவர், சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ‘ஆபரேஷனுக்கு முன்னாடி செய்யுற பயிற்சி சொல்லிக் கொடுங்க’ என்று என்னிடம் வந்தார். ஒரு தனியார் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்றுக்குத் தேதியே குறித்தாயிற்று. கையில் இருந்த எக்ஸ்ரேயில் வலது மூட்டில் தேய்மானம் இருந்தது உண்மைதான். கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்து, வலக்காலை இடுப்பிலும் முழங்காலிலும் மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் சாய்த்தேன். அப்போது தொடை உட்புறமாகத் திரும்பும். கெட்டுப்போன இடுப்பு மூட்டு முதலில் இழப்பது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தைத்தான், நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் விளிம்பைப் பிடிப்பார். இந்த அம்மாளோ கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே, ‘அங்க வலிக்கலையே’ என்றார். வலி புட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை மரமரவென்று இறங்குகிறது, ஐந்து நிமிடம் நின்றால் வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. கோயில் பிரகாரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தபடி நடந்தால் இன்னும் ஒரு சுற்று வர முடிகிறது. இது முதுகுத்தண்டின் குழல் குறுகியதால் வரும் வலியின் குணம். வேறொரு எலும்பு நிபுணரைப் பார்க்கச் சொன்னேன். அவர் இடுப்பு மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி மருந்தைச் செலுத்திப் பார்த்தார். வலி மூட்டிலிருந்து வந்திருந்தால் சில மணி நேரத்துக்காவது விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அறுவை சிகிச்சை ரத்தாயிற்று. வயது 65-ஐத் தாண்டியிருந்தது, எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தது. தங்கள் கட்டத்தின்படி அவர் முழுத் தகுதி பெற்றவர். செய்திருந்தால் புது மூட்டும் பழைய வலியுமாக வீடு திரும்பியிருப்பார்.

இன்னொருவர் திருபுவனம் பக்கத்துப் பட்டு நெசவாளர். முப்பத்தாறு வயதில் இடது தொடையிடுக்கில் வலி தொடங்கியது. மூச்சிரைப்புக்காக மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி, பல மாதங்கள் விழுங்கிய மாத்திரை ஸ்டீராய்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும், அதிகமாக மது அருந்துபவர்களுக்கும், விபத்தில் மூட்டு விலகியவர்களுக்கும் தொடை எலும்புத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபட்டு, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போவதுண்டு. மருத்துவமனைகளில் ‘ஏவிஎன்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மேலை நாடுகளில் இந்தச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வயதானபின் மூட்டு தேய்ந்தவர்கள். நம்மிடையே முதுமைத் தேய்மானம் அதிகம் தாக்குவது முழங்காலை. இடுப்பு மூட்டு கெட்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருக்கும் ஏவிஎன் நோயாளிகள், அல்லது முதுகெலும்பு இறுகிப்போகும் ஸ்பாண்டிலைடிஸ் நோயால் இரண்டு இடுப்பு மூட்டும் பூட்டிக்கொண்ட இளைஞர்கள். தங்கள் கட்டத்துக்குள் இவர்கள் யாருக்குமே இடமில்லை.

அந்த நெசவாளரிடம் முதலில் பார்த்த இடத்தில் சொன்னது இதுதான்: ‘வயசு கம்மி. ஐம்பதுக்கு மேல் வாருங்கள்.’ ஆறு ஆண்டுகள் காத்திருந்தார். என்னிடம் வந்தபோது, மல்லாந்து படுத்தால் அவருடைய கீழ்முதுகு பாலம்போல வளைந்து நின்றது. என் கை அதனடியில் தாராளமாகப் போய்வந்தது. வலது முழங்காலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். முதுகு கட்டிலில் படிந்தது, அதே நேரம் இடது தொடை தானாகவே கட்டிலைவிட்டு மேலே எழும்பியது. மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. டேப் வைத்து அளந்ததில் இடது தொடை வலது தொடையைவிட நான்கு சென்டிமீட்டர் சூம்பியிருந்தது. இடக்காலில் மட்டும் நிற்கச் சொன்னால் வலப்பக்க இடுப்பு கீழே சரிந்தது. கைலி கட்டவும் செருப்பு மாட்டவும் மனைவி வேண்டும். இரவில் எந்தப் பக்கம் படுத்தாலும் விழிப்பு வருகிறது. தறியை விட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. வீட்டின் நடுக்கூடத்தில் தறிக்காகத் தோண்டிய குழியின் மேல் பலகை போட்டு மூடி, அதன்மேல் அரிசி மூட்டையை வைத்திருந்தார்கள்.

65 என்ற இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய இடுப்பு மூட்டு மாற்றின் தந்தை என்று சொல்லத்தக்க சர் ஜான் சார்ன்லி, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். அவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்து பொடியாகி, அந்தப் பொடியே சுற்றியிருந்த எலும்பைக் கெடுத்தது. 1962-இல்தான் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். அதுவும் தேயும் என்பதால், அதிகம் ஓடியாடாத முதியவர்களுக்கே இந்தச் சிகிச்சை என்பதில் கறாராக இருந்தார். அன்றைய பொருளுக்கு அது மிகச் சரியான எச்சரிக்கை. 1990-களின் இறுதியிலிருந்து, கதிர்வீச்சால் இறுக்கம் கூட்டிய பாலிஎத்திலீன் புழக்கத்துக்கு வந்து தேய்மானம் பெரிதும் குறைந்துவிட்டது. பீங்கான் தலைகளும் வந்துவிட்டன. எச்சரிக்கை மட்டும் அறுபது ஆண்டுகளாக அப்படியே கைமாறி வருகிறது.

அதற்காக வயது ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளைக் கொண்டு, பொருத்திய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் தாங்கும் என்று கணக்கிட்டது. 2017-இல் அதே இதழில் வந்த பிரிட்டன் ஆய்வின்படி, 70 வயதுக்கு மேல் செய்துகொண்டவர்களுக்கு வாழ்நாளில் மறுபடி மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு 5 விழுக்காடு அளவுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களுக்கோ அது சுமார் 30 விழுக்காடு வரை போகிறது. மறு அறுவை சிகிச்சை முதலாவதைவிடக் கடினம், பலனும் அதைவிடக் குறைவு. 42 வயதுக்காரரிடம் இதை மறைக்கவே கூடாது. ‘உங்கள் ஆயுளில் இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டியிருக்கலாம்’ என்று சொல்லி, அதைத் தராசின் ஒரு தட்டிலும், சம்பாதிக்க வேண்டிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைப் படுக்கையில் கழிப்பதை இன்னொரு தட்டிலும் வைத்து, அவரையே நிறுக்கச் சொல்வதுதான் நியாயம். வயதைக் காட்டிக் கதவைச் சாத்தும்போது இரண்டாம் தட்டு கண்ணில் படுவதே இல்லை. காத்திருக்கும் காலத்தில் தசை சூம்புகிறது, மூட்டு இறுகுகிறது. மிகவும் மோசமான நிலையில் அறுவை சிகிச்சை மேசைக்குப் போகிறவர்கள், முன்னதாகப் போனவர்கள் எட்டும் அளவுக்குத் தேறுவதில்லை.

நெசவாளரின் கதையில் மிகவும் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. எம்ஆர்ஐ எடுத்தபோது, வலி அவ்வளவாக இல்லாத வலது மூட்டிலும் ஏவிஎன் தொடங்கியிருந்தது தெரிந்தது. ஸ்டீராய்டால் வரும்போது இரண்டு பக்கமும் தாக்குவது சகஜம். தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். இடப்பக்கம் எலும்புத் தலை உருண்டை வடிவத்தை இழந்து, மிதிபட்ட பந்துபோல நசுங்கிவிட்டது. அதற்கு மாற்று மூட்டைத் தவிர வேறு வழியில்லை. வலப்பக்கம் தலை இன்னும் நசுங்கவில்லை; அதில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்து, சொந்த எலும்பையே காப்பாற்ற முயலலாம் என்றார் அறுவை சிகிச்சை நிபுணர். மனிதர் ஒருவர், வயது ஒன்று, நோயும் ஒன்று. இடது மூட்டு மாற்றுக்குத் தகுதியானது, வலது மூட்டு தகுதியற்றது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்திருந்தால் இடது மூட்டுக்குக்கூட அந்த வாய்ப்பு கிடைத்திருக்கலாம்.

வலியை அளப்பதற்கு மருத்துவர்களிடம் மதிப்பெண் முறைகள் உண்டு. ஆக்ஸ்போர்டு கேள்வித்தாளில் பன்னிரண்டு கேள்விகள், முழு மதிப்பெண் 48. எண் குறையக் குறைய நிலைமை மோசம். காலுறை மாட்ட முடிகிறதா, காரில் ஏறி இறங்க முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா என்றெல்லாம் கேட்கிறது. நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் காலுறை மாட்டுகிறவர்கள் எத்தனை பேர்? சம்மணமிட்டு உட்கார முடிகிறதா, கழிப்பறையில் குத்தவைக்க முடிகிறதா, நகரப் பேருந்தின் உயரமான முதல் படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள், கால் நகத்தை யார் வெட்டிவிடுகிறார்கள் என்று நான் கேட்கிறேன். நகக் கேள்விக்கு வரும் பதில் பல நேரங்களில் எக்ஸ்ரேயைவிடத் தெளிவாகப் பேசும். மாத்திரையும் கைத்தடியும் எடைக் குறைப்பும் பயிற்சியும் சில மாதங்கள் முறையாகச் செய்து பார்த்தபிறகும் இரவில் தூக்கமில்லை, அன்றாட வேலை நடக்கவில்லை என்றால், அவர் நிபுணரைப் பார்க்க வேண்டிய ஆள். எக்ஸ்ரே அதை உறுதிப்படுத்த வேண்டும். எக்ஸ்ரேயே அதை முடிவு செய்துவிடக் கூடாது. படத்தில் மூட்டு அலங்கோலமாக இருந்தும் கோயில் குளம் என்று சுற்றிவருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஏன் வெட்ட வேண்டும்?

சிலரை நிறுத்தி வைக்கத்தான் வேண்டும். உடம்பில் எங்கே கிருமித் தொற்று இருந்தாலும், அது சொத்தைப் பல்லோ, சிறுநீர்த் தொற்றோ, சர்க்கரை நோயாளியின் பாதத்தில் ஆறாத புண்ணோ, முதலில் அதை ஆற்ற வேண்டும். புது மூட்டில் கிருமி குடியேறிவிட்டால் அந்த மூட்டையே கழற்ற நேரிடலாம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8 விழுக்காட்டுக்குக் கீழ் வரட்டும் என்று பல நிபுணர்கள் காத்திருக்கச் சொல்வார்கள்; சொன்னால் கேளுங்கள். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் குறைந்தது மூன்று மாதம் இடைவெளி வேண்டும். நம் நாட்டில் இடுப்பு மூட்டைக் காசநோயும் தாக்கும். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் அதைச் சோதிக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. குடியை விடாதவருக்கு மூட்டு விலகும் ஆபத்து அதிகம். ஆனால் ‘இப்போது வேண்டாம்’ என்பது வேறு, ‘உங்களுக்குக் கிடையாது’ என்பது வேறு. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை வயது, உடற்பருமன், புகைப்பழக்கம், மற்ற நோய்கள் ஆகியவற்றைக் காரணம் காட்டி நிபுணரிடம் அனுப்பாமல் ஒதுக்கக் கூடாது என்றே சொல்கிறது.

வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த முதியவர்களின் கதை முற்றிலும் வேறு. ‘எண்பது வயசுல எதுக்கு ஆபரேஷன், கட்டுப் போட்டுப் பார்க்கலாம்’ என்று குடும்பம் கூடிப் பேசிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே படுக்கைப் புண்ணும் நுரையீரல் சளியும் கால் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டியும் வந்து சேர்ந்துவிடும். அனுமதித்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை என்பதுதான் இலக்காக இருக்க வேண்டும். பாதி மூட்டா (உருண்டைத் தலையை மட்டும் மாற்றுவது) முழு மூட்டா (கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுவது) என்பதை, விழுவதற்கு முன் அவர் தெருவில் தனியாக நடமாடினாரா, நினைவு தெளிவாக இருக்கிறதா என்பதைக் கேட்டு மருத்துவர் முடிவு செய்வார். இங்கே வயது அதிகம் என்பது அவசரத்துக்கான காரணம், மறுப்பதற்கானது அல்ல.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று வீடு. பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைக் கடைசியில், இரண்டு படி இறங்கிப் போகும்படி, குத்தவைக்கும் வகையில் இருக்கும். மாற்று மூட்டு பொருத்திய முதல் சில வாரங்களில் இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று பெரும்பாலானவர்களுக்குச் சொல்லப்படுகிறது. மீறினால் மூட்டு கிண்ணத்தை விட்டு விலகக்கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சைக்கு இடமுண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். ஆனால் திட்டம் கழிப்பறையை மாற்றித் தராது. அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவரிடம் நான் முதலில் கேட்பது, ‘வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாயிற்றா?’ என்பதுதான். இல்லையென்றால் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியாவது வாங்கச் சொல்வேன். கட்டில் உயரம், வாசற்படி, உடனிருந்து பார்த்துக்கொள்ள ஆள் என எல்லாமே தகுதிக் கணக்கில் சேர்த்தி.

நெசவாளருக்கு அரசு மருத்துவமனையில்தான் இடது மூட்டை மாற்றினார்கள். முந்தைய நாள் மாலை அந்த அறுவை சிகிச்சை நிபுணர், ‘நீங்கள் தறியில் எப்படி உட்காருவீர்கள், வரைந்து காட்டுங்கள்’ என்று கேட்டிருக்கிறார். இவர் எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் குழித்தறியை வரைந்திருக்கிறார். பார்த்தால், குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பது கிட்டத்தட்ட நாற்காலியில் உட்காருவது போலத்தான். ஆபத்து தரைமட்டத்திலிருந்து உள்ளே இறங்குவதிலும் வெளியே எழுவதிலும் இருந்தது. உட்காரும் பலகையை எவ்வளவு உயர்த்தலாம், உயர்த்தினால் மிதி எட்டுமா என்று வார்டிலேயே பேசியிருக்கிறார்கள்.

நான்கு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், என்னிடமிருந்த டேப்பால் அளந்து பலகையை ஐந்து அங்குலம் உயர்த்தினோம். மேலே உத்தரத்திலிருந்து பிடித்து எழ ஒரு கயிறு தொங்குகிறது. இப்போது காலையில் மட்டும் நெய்கிறார். வலது மூட்டைக் கண்காணிக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

தங்கள் கட்டத்தில் இருந்த அந்த ஒரு வரியைத் திருத்தி, அடுத்த மருத்துவப் பக்கத்தில் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
பிசியோதெரபிஸ்ட்,
கும்பகோணம்.